ஸ்டீபன் அம்மாவின் நினைவு நாட்கள்

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒரு காகிதம் என்னை விசாரணை செய்தது.

என் அக்கா மகள் இளவேனில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகி ஆறு மாதம் ஆகிறது. திருச்சி ஜில்லாவில் உயிரோடு நடமாடுகிற ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை. இன்று என் முறை. "மாமா, விபத்து பாலிசி. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்று பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள்.

பெயர், அழகர்சாமி. வயது, ஐம்பத்தாறு. தொழில், மரம் அறுத்தல். அதாவது ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில், உறையூர் ஆகிய மூன்று சமஸ்தானங்களிலும் வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நின்று குடிமக்களை மிரட்டுகிற மரங்களில் மெஷினோடு ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டிப் பூமிக்கு அனுப்பிவைத்தல். அவ்வளவையும் எழுதக் கட்டத்தில் இடமில்லை என்றாள்.

அடுத்த கேள்வி: உங்கள் தொழிலில் ஆபத்து எவ்வளவு? குறைவு, நடுத்தரம், அதிகம்.

"குறைவு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அறுபது அடி உயரத்துல ஒரு தென்னை மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு மெஷின் ஓட்டுறீங்க. குறைவா?"

"அடுத்தவனுக்கு அதிகம். எனக்கும் பூமிக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு. நானா இறங்கி வந்தாத்தான் அது என்னைத் தொடும். இருபத்திரண்டு வருஷமா மீறல."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, "யோசிச்சு நீங்களே டிக் பண்ணுங்க" என்று பாரத்தைக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டுப் போனாள். போகும்போது, மூன்று வருஷம் முன்னால் அவள் வாங்கித் தந்த காது மூடி எங்கே என்று கேட்டாள். மெஷின் சத்தத்துக்கு என்று வாங்கித் தந்தது. பத்திரமாக இருக்கிறது, மார்கழிப் பனிக்கு ரொம்ப சுகம் என்றேன். என் மனைவி ஆனந்தவள்ளி அடுப்படியிலிருந்து ஏதோ சொன்னாள். சரியாக விழவில்லை. நல்லதாக இருக்காது என்பது மட்டும் தெரியும்.

ஜூலை 3, வியாழன்

உறையூர். நவநீதன் என்பவரின் கைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தென்னை. சாய்ந்து நின்று, உள்ளே தறியில் என்ன சேலை ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கிற மாதிரி.

வழக்கப்படி தட்டினேன். அருவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மூன்று இடத்தில்: முழங்கால் உயரம், நெஞ்சு உயரம், கை எட்டும் உயரம். நல்ல மரம் 'டொக்' என்று வெட்டிப் பேசும். உள்ளே வண்டு குடைந்து கூடாகிப்போன மரம் 'டொம்' என்று முனகும். முனகுகிற மரத்தில் ஏறினால், மரமும் நாமும் சேர்ந்து இறங்க வேண்டிவரும்.

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. இயற்றியவன் அடியேன். ஏறுகிறவன்தான் தட்ட வேண்டும், ஏறுகிறவன்தான் கேட்க வேண்டும், ஏறுகிறவன் சொல்வதே முடிவு. கீழே கயிறு பிடிக்கிறவன், அதாவது என் பதினைந்து வருஷத்துக் கூட்டாளி ஸ்டீபன்ராஜ், மரத்தடியில் 'வேண்டாம்' என்கிற சொல்லை உச்சரிக்கவே கூடாது. அபசகுனம் என்பது ஒரு பக்கம். அந்தச் சொல் காதில் விழுந்தால் ஏறுகிறவன் தொடையில் ஒரு நடுக்கம் குடியேறும். அப்புறம் மரம் நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

நவநீதன் மரம் நல்ல மரம். சொல்லப்போனால் இந்த வருஷம் எல்லா மரமும் நல்ல ஜாதி. எதைத் தட்டினாலும் ஒரே குரல்.

மரம் ஏற உதவுகிற தளைக் கயிற்றைக் காலில் மாட்டப்போகிற நேரத்தில் ஸ்டீபன் தலையில் கை வைத்தான். "அண்ணே, இன்னைக்கு அம்மா நினைவு நாள். மறந்தே போயிட்டேன். இன்னைக்கு வேலை செய்யக் கூடாதுண்ணே."

என்ன செய்ய? இறந்தவர்களை எதிர்த்து வழக்காட முடியாது. மூட்டை கட்டினோம். கிளம்பும்போது அவன் நவநீதனிடம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் மார்ச் மாதத்திலும் ஒரு தடவை இறந்திருந்தார்.

ஜூலை 5, சனி

குக்கர் ஆறு விசில் அடித்து சாதம் கஞ்சியாகிவிட்டதாம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனாம். நான் நாட்டு நிலவரம் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று விளக்கம் தந்தேன். கஞ்சி கிடைத்தது.

ஜூலை 8, செவ்வாய்

மேலூர் ரோட்டில் ஒரு தென்னை. ஸ்டீபன் அம்மா குறுக்கே வரவில்லை. ஏறினேன். உச்சியில் காற்று அப்படியே ஆளை மடியில் வைத்துத் தாலாட்டியது. அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டைப் பிள்ளையார் எனக்குக் கொஞ்சம் கீழேதான். மரியாதைக்காகக் குனிந்துகொண்டேன்.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். மூன்றாவது துண்டை அறுக்கும்போது, கயிறு பக்கத்து வீட்டு ஜன்னலில் சிக்கிவிட்டது என்று ஸ்டீபன் கத்தியிருக்கிறான். நான் நிறுத்தவில்லை. துண்டு சுழன்று காம்பவுண்டு சுவரில் ஒரு பல்லைப் பெயர்த்தது.

"நாலு தடவை கூப்ட்டேன்ணே."

"மெஷின் ஓடுது, எப்படிடா கேக்கும்?"

"மெஷினை ஆஃப் பண்ணப்பறமும் ரெண்டு தடவை கூப்ட்டேன்ணே."

காற்று அந்தப் பக்கம் அடித்தது. அதுதான்.

ஜூலை 12, சனி

திருவானைக்கோவில். தட்டினேன், மரம் நல்ல குரல். ஸ்டீபன் கயிற்றைத் தடவிப் பார்த்து, "நனைஞ்சிருக்குண்ணே. வழுக்கும். இன்னொரு நாள் பாப்போம்" என்றான்.

மழை பெய்து மாதம் ஒன்றாகிறது. வெயிலில் அந்தக் கயிற்றின்மேல் அப்பளம் காயவைக்கலாம்.

இவனுக்கு வயதாகிவிட்டது. ஐம்பத்திரண்டில் சிலருக்குப் பயம் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏறுகிறவன் நான், பயம் கீழே நிற்பவனுக்கு. இந்த விநோதத்தை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பது?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று வீட்டு வாசலில் செருப்பைக் கூட விட்டுவைக்காமல் தூக்கிப் போகிறது.

அம்மா மண்டபம் பக்கம் பிரேமலதா டீச்சர் வீடு. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சமையல் கொட்டகை, அதற்கு நேர் மேலே சாய்ந்த தென்னை. ஆடிப்பெருக்குக்குச் சொந்தபந்தம் முப்பது பேர் வருகிறார்கள், சமையல் எல்லாம் அந்தக் கொட்டகையில்தான். அதற்குள் மரம் போக வேண்டும்.

தட்டினேன். "டீச்சர், இது இன்னும் நூறு வருஷம் நிக்கிற மரம். நான் இதை வெட்டுறது ராஜத்துரோகம். ஆனாலும் உங்களுக்காக."

"கதை வேண்டாம். என்னைக்கு?"

ஆகஸ்ட் ஒன்று, வெள்ளி என்றேன். ஸ்டீபன் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வரும் வழியில், "அண்ணே, லிஃப்ட் வண்டி ஒண்ணு வாடகைக்கு வருதாம். அதுல நின்னுக்கிட்டு அறுக்கலாமாம்" என்றான். அந்தச் சந்தில் சைக்கிளே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழையும் என்றேன். "அப்ப மூட்டு வலிக்கு வெள்ளிக்கிழமை டாக்டர்ட்ட போகணும்ணே."

இன்னும் இரண்டு வாரம் இருக்கிற வெள்ளிக்கிழமைக்கு இன்றைக்கே வலிக்கிற மூட்டு.

ஜூலை 21, திங்கள்

பேசிவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே. "உனக்குப் பயமா இருந்தா சொல்லிடு. மணப்பாறைல மதுரைவீரன்னு ஒருத்தன் கயிறு பிடிக்க ரெடியா இருக்கான். மெஷினையும் என்னையும் நம்பி வர்ற ஆளு."

ஸ்டீபனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, "மதுரைவீரன் வேண்டாம்ணே. வெள்ளிக்கிழமை நானே வரேன்" என்றான்.

வென்றுவிட்டேன். வென்ற மாதிரி இல்லை.

ஜூலை 24, வியாழன்

காலையில் நவநீதன் போன். அவர் மரம் நேற்றுக் காற்றில் விழுந்துவிட்டது.

போய்ப் பார்த்தேன். கை எட்டும் உயரத்தில் முறிந்திருந்தது. உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஈரமான தும்பும், வண்டுக் கூடும், ஒரு நாற்றமும். சுற்றி ஒரு விரல் கனத்துக்குப் பட்டை, அவ்வளவுதான். நான் மூன்றாவது தட்டு தட்டிய அதே இடம். என் அருவாள் முதுகின் தழும்பு கூட அதிலிருந்தது.

இருபது நாள் முன்னால் அதில் ஏறுவதற்குத் தளையை எடுத்தவன் நான்.

கொட்டகையின் பின்பாதி நொறுங்கிக் கிடந்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் இருந்த இரண்டு தறியையும் போன வாரமே நவநீதன் முன்பக்கம் மாற்றிவிட்டாராம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "உங்க ஸ்டீபன்தானே சொன்னாரு, மரத்த வெட்டுற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் இருக்காதீங்கன்னு" என்றார்.

செத்துப்போன அந்த அம்மாள் என்னைக் காப்பாற்றினார் என்று பஸ்ஸில் வரும்போது சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

திருவானைக்கோவில் மரத்துக்குத் தனியாகப் போனேன். தட்டினேன். நல்ல குரல். கடப்பாரையை நெஞ்சு உயரத்தில் வைத்துக் குத்தினேன்.

ஒரு சாண் உள்ளே போயிற்று.

அன்றைக்குக் கயிறு நனைந்திருக்கவில்லை.

ஜூலை 26, சனி

டீக்கடை பெஞ்சில் ஸ்டீபனைப் பிடித்தேன். அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"எத்தனை மரம்டா?"

"எதுண்ணே?"

"உங்க அம்மா எத்தனை தடவை செத்தாங்க? கயிறு எத்தனை தடவை நனைஞ்சுது?"

"ஏழு மரம்ணே. பொங்கல்லேர்ந்து."

"ஏழும் ஓட்டையா?"

"நீங்க தட்டும்போது எனக்குக் கேக்குதுண்ணே. டொம்முன்னு வருது. நீங்க ஏற ஆரம்பிக்கிறீங்க."

"ஏன்டா சொல்லல? வாய் இல்லையா உனக்கு?"

"நீங்கதானேண்ணே சட்டம் போட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை. தப்பு செய்தவன் அவன் மாதிரி சொன்னான். "மரத்தடில நின்னுக்கிட்டு வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயம். அதான் அம்மாவ இழுத்தேன். அவங்களும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப வெள்ளிக்கிழமை? டீச்சர் மரம்?"

"அதுவும்தான்ணே."

"தெரிஞ்சும் வரேன்னியே."

"மதுரைவீரன் வந்தா நீங்க ஏறிருவீங்க. நான் வந்தா அன்னைக்குக் காலையில ஏதாவது ஒண்ணு தோணும்."

டீக்கு நான் சர்க்கரை கேட்டேன்.

அதே நாள், இன்னும் கொஞ்சம்

இருபத்திரண்டு வருஷமாக விழவில்லை, அதனால் என் கணக்கு சரி. இப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்? இளவேனிலிடமும் இதைத்தானே சொன்னேன்? விழாதது என் சாமர்த்தியத்தால் என்று யார் சொன்னது — நான்தான். ஏழு தடவை விழ வேண்டியவன் விழாமல் இருந்ததற்கு ஒருத்தன் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பொய்யையும் சேர்த்து என் சாதனைப் பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

மரத்தடியில் அந்தச் சொல்லை நான் தடை செய்தது எதற்கு? கால் நடுங்கக் கூடாது என்று. நடுங்க வேண்டிய கால் அது. கொஞ்சம் நடுங்கியிருந்தால் இன்னொரு தடவை தட்டிப் பார்த்திருப்பேன்.

எல்லா மரமும் ஒரே குரல் என்று ஜூலை மூன்றில் நானே எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எல்லா மரமும் எப்படிடா ஒரே குரலில் பேசும், முட்டாப் பயலே.

ஜூலை 28, திங்கள்

இளவேனில் தில்லை நகரில் ஒரு காது கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு மனுஷனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். தலையில் ஒரு கிரீடம், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வஹீதா என்ற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீணை வாசிப்பது போல ஏதோ திருகிக்கொண்டிருந்தாள்.

நன்றாக அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. கரண்ட் போய்விட்டது போல என்று கண்ணாடியில் தட்டினேன். அவள் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே வந்ததும் ஒரு கோடு காட்டினாள். கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்து, பிறகு மலைக்கோட்டைப் படி மாதிரி கீழே இறங்குகிறது. "மந்தமான சத்தம் எல்லாம் கேக்குதுங்க ஐயா. கூர்மையா வர்ற சத்தம்தான் ரெண்டு காதுலயும் ரொம்பக் குறைஞ்சிருக்கு. மெஷின் கிட்ட வேலை செய்யறீங்களா?"

டொக்கில் இருக்கிற வெட்டு, அது கூர்மை. அது போய்விட்டால் டொக்கும் எனக்கு டொம்தான். அந்த மந்தமே நல்ல குரல் என்று பழகிப்போயிருக்கிறேன். எந்த வருஷத்திலிருந்து?

"போனது திரும்பாது. இருக்கிறதக் காப்பாத்திக்கங்க" என்றாள். இளவேனில் என்னைப் பார்க்கவில்லை, தன் கைப்பையைப் பார்த்தாள். காது மூடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

சாயங்காலம் ஆனந்தவள்ளியிடம் கேட்டேன், கொல்லையில் சில்வண்டு கத்துகிறதா என்று. "காது கிழியுது" என்றாள். நாலு வருஷமாக அவை ஸ்ரீரங்கத்தைக் காலி செய்துவிட்டன என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் கூட விளக்கியிருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். செயின் கூராக்கினேன். வேறு எழுத ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், எப்படித் தெரிகிறது என்று.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டீச்சர் வீடு. ஸ்டீபன் காலையிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். இன்று யாரைக் கொல்வது என்று யோசிக்கிற முகம்.

மரத்தடியில் அருவாளை எடுத்தேன். திருப்பிப் பிடித்தேன். பிறகு பிடியை அவன் பக்கம் நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "அண்ணே, ஏறுறது நீங்க."

"சட்டம் போட்டவனுக்குத் திருத்தவும் தெரியும். தட்டு."

தட்டினான். முழங்கால் உயரம். நெஞ்சு உயரம். அங்கே கை நின்றது. மறுபடி தட்டினான். நான் மரத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். பதினைந்து வருஷத்தில் அந்த முகத்தை மேலே இருந்துதான் அதிகம் பார்த்திருக்கிறேன். சின்னதாகத் தெரியும்.

"கீழ கெட்டியா இருக்கு. நெஞ்சுக்கு மேல ஓட்டைண்ணே." அருவாளைக் கீழே இறக்கினான். "ஏற வேண்டாம்ணே."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வானம் இடிந்து விழவில்லை. என் தொடையில் நடுக்கம் வந்தது, உண்மைதான். வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று.

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நூறு வருஷம் நிக்கும்னீங்க."

"தப்பா சொல்லிட்டேன் டீச்சர். எனக்குக் காது சரியில்ல."

"பயம் வந்துருச்சோ மரக்காரருக்கு?"

"ஆமாம் டீச்சர்."

அவர் ஏதோ பதில் வைத்திருந்தார் போல. இதை எதிர்பார்க்கவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, அப்ப எப்படி?" என்றார்.

கொட்டகையின் ஷீட்டையெல்லாம் கழற்றி, பாத்திரங்களை முன்கட்டுக்கு மாற்றினோம். பக்கத்து மாடியிலிருந்து நீளக் கழியால் கயிற்றை மரத்தின் கழுத்தில் மாட்டினான் ஸ்டீபன். கயிற்றின் மறுமுனை கொட்டகைக்கு அந்தப் பக்கம், மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், பின் சந்தில். சந்தில் யாரும் வராமல் இரண்டு பக்கமும் டீச்சர் ஆள் நிறுத்தினார். நான் முழங்கால் உயரத்தில் முக்கால்வாசி அறுத்தேன். அறுக்கும் முன்பே எந்தப் பக்கம் ஓடுவது என்று நடந்து பார்த்து, வழியில் கிடந்த இரண்டு செங்கலை எடுத்துப் போட்டேன். காது மூடி போட்டிருந்தேன். அதனால் ஒரு சங்கேதம்: நிறுத்த வேண்டுமானால் ஸ்டீபன் சிவப்புத் துண்டைத் தூக்குவான், அதைப் பார்க்கிற பக்கமாகவே நான் நின்றேன். மெஷினை அணைத்துவிட்டு, ஐம்பத்தாறு வயதில் ஒரு மான் எப்படி ஓடுமோ அப்படி ஓடினேன். டீச்சர் கூப்பிட்டிருந்த தெருக்காரர்கள் எட்டு பேர் சந்திலிருந்து கயிற்றை இழுத்தார்கள்.

மரம் பாதி சாயும்போது நெஞ்சு உயரத்தில் தானாக முறிந்தது. மேல்பாதி தனியாக, ஒரு சுழற்சியோடு, காலியான கொட்டகைத் தரையில் போய்ப் படுத்தது. விறகடுப்பு ஒன்று போயிற்று.

முறிந்த இடத்தை யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. நானும் ஸ்டீபனும் தூரத்தில் நின்றே பார்த்தோம். அவன் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. டீச்சர் வீட்டிலிருந்து சித்திரான்னம் நாலு தினுசு வந்தது, புது அடுப்பில் செய்ததாம். ஆனந்தவள்ளியிடம் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னேன். மரம் நூற்றைம்பது அடி என்றேன். பயந்ததை மட்டும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

இளவேனில் வந்தாள். காலண்டருக்குப் பின்னாலிருந்து பாரத்தை எடுத்து டிக் பண்ணிக் கொடுத்தேன். பார்த்தாள். "பிரீமியம் ஏறும் மாமா" என்றாள். ஏறட்டும், நான் ஏறுவதைக் குறைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கீழச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு மரம். ஸ்டீபன் தட்டினான். எனக்கு வழக்கம்போல ஒரே குரல். அவன் இரண்டாவது தட்டிலேயே அருவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, "வேண்டாம்ணே" என்றான். இன்னொரு ரவுண்டு தட்டினான், வேண்டாம்தான். வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

அவன் அம்மாவின் உண்மையான நினைவு நாள் நவம்பர் ஒன்பது என்று இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டைரியில் அந்தப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டேன். அன்றைக்கு வேலை கிடையாது.